அரக்கு பார்டருக்குக் கீழே நடந்த சம்பந்தம்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நிறத்தைப் பற்றியோ எழுத்துருவைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஆரணியில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவள். பிறகு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். அதிலிருந்து கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து தரும் வேலைக்கு வந்து, அதிலேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். ஊரில் இன்றைக்கும் என்னை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உங்களிடமும் அடிக்கடி ஒருவர் வந்து உட்காருவார். கையில் ஓர் இலவச வலைப்பூ இருக்கும். "இத ரெகுலர் வெப்சைட் மாதிரி ஆக்கிக் குடுங்க" என்பார். வேலை சுலபம். பதிவின் தலையிலிருக்கும் தேதியை எடுத்துவிடலாம். முகப்புக்கு ஒரு நிலையான பக்கம் வைக்கலாம், மேலே மெனு வைக்கலாம், சொந்த முகவரி வாங்கிப் பொருத்தலாம். கடைசியில் கீழே இருக்கும் கருத்துப் பெட்டியை மூடிவிடலாம். பார்ப்பவருக்கு அது வலைப்பூ என்றே தெரியாது. இதில் அந்தக் கடைசி வேலையைச் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கோட்டைப் பக்கம் போகிற வழியில் பட்டுக் கடை வைத்திருக்கும் சாமுவேல் அண்ணனை உங்களுக்குத் தெரியும். அவர் கடைக்கு ஒரு வலைப்பூ இருந்தது. அதை நடத்தியது அவர் மனைவி கிரேஸ் அக்கா. புதுப் புடவை வந்தால் போனில் படம் பிடித்துப் போடுவார். புடவையை உடுத்திக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமே? சாமுவேல் அண்ணனின் தங்கை மகள் எஸ்தரை நிற்க வைத்துவிடுவார். பெற்றோர் இல்லாமல் இவர்கள் வீட்டிலேயே வளர்ந்த எஸ்தர் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து வருகிறவளைப் பிடித்துப் பட்டுச் சுற்றி நிற்க வைத்தால் முகத்தில் ஒரு சலிப்பு இருக்கும் பாருங்கள், அது கேமராவில் பெரிய இடத்துப் பெண் மாதிரித் தெரியும்.

ஒருநாள் சாமுவேல் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், பெங்களூர்ல இருந்து ஒரு ஷோரூம்காரம்மா போன் பண்ணாங்க. வெப்சைட் இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குதேன்னு அட்ரஸ் அனுப்பினேன். பாத்துட்டு, 'இது ப்ளாகுதானே'ன்னு சிரிக்கறாங்க. எனக்கு இன்னா அவமானமா பூட்ச்சு தெரியுமா?"

"ப்ளாகுன்னா தப்பு ஒண்ணும் இல்லண்ணா."

"தப்பு இல்லாட்டி எதுக்குச் சிரிக்கறாங்க? அடுத்த வாரம் நேர்ல வராங்க. அதுக்குள்ள ஜல்தியா மாத்திக் குடு."

பக்கத்தில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு குறை இருந்தது. புதுப் பதிவு மேலேயும் பழையது கீழேயும் இருந்ததைப் பார்த்து, "வியாபாரம் தெரிஞ்சவன் செய்ற வேலையா இது? பழச முன்னால வச்சாத்தானே அது போவும்?" என்றார். தேதியைப் பார்த்து, "இது போன வருசத்துப் புடவைன்னு நாமளே டமாரம் அடிக்கணுமா?" என்றார். முகவரியில் கடைப் பெயருக்குப் பின்னால் இலவச நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை, "வாடகை வீடுன்னு வாசல்ல போர்டு மாட்டின மாதிரி இருக்குது" என்றார். எல்லாமே நியாயமான குறைகள்தான், சிரிக்காதீர்கள். வாடிக்கையாளர் நம் பாஷையில் சொல்ல மாட்டார். அவர் பாஷையில் சரியாகவே சொல்வார்.

கடைசியாக அரக்கு பார்டர் போட்ட மஞ்சள் பட்டின் படத்துக்கு வந்தோம். எஸ்தர்தான் நின்றிருந்தாள். படத்துக்குக் கீழே கருத்துகள் போய்க்கொண்டே இருந்தன. விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை.

"இது இன்னா, கீழ இவ்ளோ நீளத்துக்கு?"

"ஜனங்க எழுதறதுண்ணா."

"கடை வாசல்ல நின்னு ஊர்க்கத பேசிகினு இருந்தா நான் சும்மா உடுவனா? நகருங்கன்னு சொல்ல மாட்டேன்? எடுத்துடு."

மேலிருந்து ஒரு வரியைப் படித்தேன். 'உடுத்தியிருக்கும் பெண் எந்த ஊர்?' என்று எவரோ எழுதியிருந்தார். வேலையற்ற எவனோ வம்புக்கு எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும், "அக்காவ ஒரு வார்த்த கேட்டுடலாமா?" என்றேன்.

"அவளுக்குப் போட்டோ புடிக்கறதுதான் வேல. கடை என்னுது."

கடை அவருடையதுதான். மறுக்க முடியாது. கருத்துகளை மூடுவதற்கு இரண்டு வழி உண்டென்று உங்களுக்குத் தெரியும். புதிதாக எழுத விடாமல், பழையதை அப்படியே காட்டுவது ஒன்று. புதிதாகவும் எழுத விடாமல், பழையதையும் மறைப்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்தேன். ஒரே சொடுக்குதான். பக்கம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக மெனுவில் 'எங்களோடு பேச' என்று ஒரு பக்கம் வைத்தேன். பெயரும் செய்தியும் எழுதி அனுப்பினால் அண்ணனின் மெயிலுக்கு நேரே வந்துவிடும். மெயில் பார்க்கவும் பதில் போடவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "உடனுக்குடன் பதில் போடணும்ணா. பதில் போடாத கடைன்னு பேர் வந்துடக்கூடாது" என்று புத்தியும் சொன்னேன்.

இரண்டொரு நாளில் அண்ணன் பூரித்த முகத்தோடு வந்து நின்றார்.

"மொத மெயில் வந்துடுச்சு டீச்சர். பதிலும் போட்டுட்டேன்."

"புடவை கேட்டு வந்துச்சா?"

"இல்ல, எவனோ வேல கேட்டு எழுதிகிறான். ஆள் தேவையில்லன்னு மரியாதையா போட்டேன்."

"ரொம்ப நல்லதுண்ணா" என்று பாராட்டி அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

அந்த மஞ்சள் பட்டுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது ஊர்க்கதை அல்ல, எஸ்தரின் கல்யாணப் பேச்சு. தேசூரில் இம்மானுவேல் என்று ஒருவர். விவசாயம், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். மகன் டேனியல் பள்ளிக்கூட வாத்தியார். இம்மானுவேல் புடவை பார்க்கப் போய்ப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். 'புடவை நன்றாக இருக்கிறது. உடுத்தியிருக்கும் பெண் எந்த ஊர்? மணமாகிவிட்டதா? எங்களுக்கு ஒரே மகன்' என்று எழுதினார். கடையின் பெயரில் கிரேஸ் அக்கா பதில் போட்டார்: 'பெண் ஆரணி. நர்ஸ். மணமாகவில்லை. புடவை கையிருப்பில் உள்ளது.'

அங்கிருந்து தொடங்கியது. போன் நம்பர் கொடுத்துப் பேசிக்கொள்ளலாமே என்று கிரேஸ் அக்கா எழுதிப் பார்த்திருக்கிறார். இம்மானுவேல் ஒப்பவில்லை. 'போனில் பேசினால் நாளைக்கு மாற்றிப் பேசுவார்கள். சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பது எதற்கு? யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்றுதானே? இங்கேயே எழுதுங்கள். நாலு பேர் பார்க்கட்டும்' என்றார்.

நாலு பேர் பார்த்தார்கள். வந்தவாசியிலிருந்து ஒருவர், 'தேசூர் இம்மானுவேல் நல்ல மனிதர், நான் உத்தரவாதம்' என்று எழுதினார். இன்னொருவர், 'பையனுக்கு முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது, மற்றபடி தங்கம்' என்று உண்மையைச் சொன்னார். கல்யாண விருந்தில் பிரியாணி போடுவதா, சைவமா என்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் சண்டை போட்டுப் பிறகு சமாதானமானார்கள். நடுவில் ஓர் அம்மா, 'இதே பார்டரில் பச்சை உண்டா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

இத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி, அந்த வலைப்பூவின் சொந்தக்காரருக்குத் தெரியாது. கிரேஸ் அக்கா வேண்டுமென்றே சொல்லவில்லை. சாமுவேல் அண்ணன் தங்கமான மனிதர்தான். ஆனால் எஸ்தருக்கு முன்பு வந்த ஒரு சம்பந்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "எங்க பொண்ணு கொஞ்சம் கோவக்காரி, கையில கெடைக்கறத தூக்கி எறியும், மத்தபடி நல்ல பொண்ணு" என்று தாய்மாமன் முறையில் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் இந்த முறை எல்லாம் முடிவான பிறகு சொல்லலாம் என்று இருந்தார் அக்கா. அண்ணன் படத்தை மட்டும்தான் பார்ப்பார், கீழே உள்ளதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.

பேச்சு முற்றிய நேரத்தில் எஸ்தரே ஒன்று எழுதினாள். 'நான் எஸ்தர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன். நைட் டியூட்டியும் உண்டு. இதற்குச் சம்மதமா? அவரே பதில் சொல்லட்டும், அவருடைய அப்பா வேண்டாம்.'

அவள் அதை எழுதின அன்றைக்குத்தான் நான் பெட்டியை மூடினேன்.

டேனியல் பதில் எழுத வந்தான். கேள்வியும் இல்லை, பெட்டியும் இல்லை. தேடித் தேடி 'எங்களோடு பேச' என்ற பக்கத்தைக் கண்டுபிடித்தான். பெண் வீட்டார் இனிமேல் தனியாகப் பேச விரும்புகிறார்கள் போல என்று நினைத்து, 'வேலைக்கு முழுச் சம்மதம். எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை. எப்போது நேரில் வரலாம்? டேனியல், தேசூர்' என்று எழுதி அனுப்பினான்.

சாமுவேல் அண்ணனுக்கு வந்த முதல் மெயில் அதுதான். அவர் போட்ட பதில் இது: 'உங்கள் விருப்பத்துக்கு நன்றி. தற்சமயம் எங்களுக்கு ஆள் தேவையில்லை. தயவுசெய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.'

'வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்.' மாப்பிள்ளை வீட்டில் அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கம் எஸ்தர், தன் கேள்வி பிடிக்காமல் மாப்பிள்ளை வீட்டார் சொல்லி கிரேஸ் அத்தை மொத்தத்தையும் அழித்துவிட்டார் என்று நினைத்தாள். கிரேஸ் அக்காவோ, அண்ணனுக்கு விஷயம் தெரிந்து கோபத்தில் மறைத்துவிட்டார் என்று நினைத்து, பயத்தில் வாயே திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை.

பெங்களூர் அம்மா வந்த அன்று கல்லாப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைக் காட்டுவதற்கு அண்ணன் என்னையும் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் போய்ப் பெரிய ஆளானவர். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"ம். இப்ப பரவாயில்ல. கடை மாதிரி இருக்கு" என்றார். சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே நன்றி சொன்னார்.

அப்போதுதான் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், பின்னால் முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டிய ஓர் இளைஞன். பெரியவர் போனை நீட்டினார்.

"சாமுவேல்ன்றது நீங்கதானுங்களா? இதுக்கு இன்னாங்க அர்த்தம்?"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். தான் எழுதின மெயில் என்று கண்டுகொண்டதும் முகம் மலர்ந்து, பின்னால் நின்ற இளைஞனிடம் திரும்பினார்.

"நான்தான் போட்டேன். தமிழ்லதானே எழுதிகிறேன்? ஆள் தேவையில்ல. இதுக்காகத் தேசூர்ல இருந்து பஸ் ஏறி வரணுமா? அப்பாவ வேற கூட்டிகினு வந்துகிற?"

"எங்க பையன் எம்.ஏ., பி.எட்.ங்க" என்றார் இம்மானுவேல்.

"அவ்ளோ படிச்சவனுக்கு இங்க இன்னா வேல? பொடவ மடிக்கவா?"

டேனியல் ஓரடி முன்னால் வந்தான். "மடிக்கணும்னா மடிக்கறேங்க. வீட்டு வேலைல நானும் பாதி செய்யறேன். அதுல எனக்குக் கௌரவக் கொறச்சல் ஒண்ணும் இல்ல."

"வீட்டு வேலைக்கும் ஆள் கீதுப்பா!"

"வேற ஆள் பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு இம்மானுவேல் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. ஊர் பூரா பேசிக்கினு கீறாங்களே."

"ஒரு வேலைக்கு ஆள் எடுக்கறத ஊர் பூரா எதுக்குய்யா பேசறாங்க?" என்றார் அண்ணன். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் விளங்கவில்லை.

பெங்களூர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். எனக்கும் அதுவரை தலையும் காலும் புரியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த கிரேஸ் அக்காவின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து எஸ்தர் நர்ஸ் உடுப்போடு உள்ளே வந்தாள். கடைக்குள் இருந்த யாரையும் அவள் பார்க்கவில்லை. நேரே கல்லாவுக்குப் போனாள்.

"அத்த, கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல. என் கேள்விய எதுக்கு அழிச்சீங்க? வேலைக்குப் போவேன்னு சொன்னது குத்தமா? அவங்க அழிக்கச் சொன்னாங்களா?"

'கேள்வி', 'வேலை', 'அழிச்சீங்க'. இந்த மூன்று வார்த்தைகளும் காதில் விழுந்ததும், எவனோ கேட்டதாக நான் தள்ளிவிட்ட 'பெண் எந்த ஊர்' நினைவுக்கு வந்தது. பிள்ளைகளே, நம் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் எல்லாருக்கும் வரும். சுற்றி நிற்கிற யாருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. உங்களுக்கு மட்டும் தெரியும்.

என் கை மவுஸின் மேல்தான் இருந்தது. கருத்துகளைத் திரும்பக் கொண்டு வரலாம். ஆனால் வெப்சைட் மறுபடியும் வலைப்பூவாகிவிடும், அதுவும் ப்ளாகென்று சிரித்த அம்மாவின் கண் முன்னாலேயே. அண்ணன் அதற்காகத்தான் என்னிடம் வந்தார். கிரேஸ் அக்கா மறைத்ததும் வெளியே வந்துவிடும். அக்கா என் யோசனையைப் படித்துவிட்டார். குனிந்து என் காதோடு, "வேணாம் டீச்சர். அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியல போல. நானே மெதுவா பேசி சரி பண்ணிடறேன்" என்றார்.

எதைப் பேசிச் சரி பண்ணுவது? மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒன்று, பெண்ணிடம் ஒன்று, புருஷனிடம் ஒன்று என்று மூன்று கதை சொல்ல வேண்டும். மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். அவரவர் எழுதினதை அவரவர் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வது நம் வேலை. சொன்னதைச் செய்ததால் ஒரு பெண்ணின் கேள்வி காணாமல் போயிருந்தால், அதைத் திரும்ப வைப்பதும் நம் வேலைதான். "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டுச் சொடுக்கினேன்.

மஞ்சள் பட்டுக்குக் கீழே அத்தனையும் வந்து விழுந்தன.

"எல்லாரும் இங்க வாங்க. அண்ணா, நீங்க சத்தமா படிங்க" என்றேன்.

சாமுவேல் அண்ணன் குனிந்து படிக்கத் தொடங்கினார். 'பெண் எந்த ஊர்' என்ற இடத்தில் முறைத்தார். 'புடவை கையிருப்பில் உள்ளது' என்ற இடத்தில், "இது நம்ம கடை பேரா இருக்குதே?" என்றார். பிரியாணிச் சண்டையில் தன்னை மறந்து, "பிரியாணிதான் போடணும், இன்னா கேள்வி இது?" என்றார். பிறகு இம்மானுவேல் எழுதின ஓரிடம் வந்தது. 'பெண்ணுக்குத் தாய்மாமன் இருக்கிறாராமே, அவர் சம்மதம் வாங்கியாகிவிட்டதா?' அதற்குக் கடையின் பதிலை அண்ணன் முழுக் குரலில் வாசித்தார்:

"'மாமன் மிகவும் நல்லவர். கல்யாணம் முடியும்வரை பேச விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.'"

பெங்களூர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அண்ணன் மெதுவாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் கண் கலங்கிவிட்டது. "நான் பேசினா கெட்டுடுமா கிரேஸு?"

அக்காவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "பேசவே இல்லியே நீங்க. ஒரே ஒரு மெயில்தான் போட்டீங்க. மாப்புள்ளைய வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டீங்க."

அண்ணன் டேனியலின் பக்கம் திரும்பினார். வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்த பையனை அப்போதுதான் உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "அப்ப நீ... வேலைக்கு முழுச் சம்மதம்னு எழுதினது..."

"அவங்க வேலைக்குப் போறதுக்குங்க" என்றான் டேனியல், எஸ்தரைக் காட்டி.

எஸ்தர் அப்போதுதான் அவனை முதல்முறையாக நேரில் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வாய்ல சொல்றது இருக்கட்டும்" என்றார் இம்மானுவேல், ஸ்டூலிலிருந்து எழுந்து. உயிர் வந்துவிட்டது மனிதருக்கு. "பொண்ணு கேட்டது இங்க. பதிலும் இங்கதான் எழுதணும். நாலு பேர் பாக்கட்டும்."

"ஆமா, எழுதட்டும். இத்தன படிச்சுட்டு முடிவு தெரியாம நான் எப்படி பஸ் ஏறறது?" என்றார் பெங்களூர் அம்மா. அவர் காரில்தான் வந்திருந்தார்.

பெட்டியைத் திறந்துவிட்டேன். டேனியல் போனை எடுத்துத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். நாங்கள் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தைப் புதுப்பித்தபோது வந்தது: 'சம்மதம். நைட் டியூட்டி இருக்கும் அன்று சமையல் என் பொறுப்பு.'

எஸ்தர் தன் போனில் அதைப் படித்தாள். பிறகு நேரே அவனிடம் கேட்டாள்: "சமைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம்?"

"சுடுதண்ணி வைப்பேன். மீதிய கத்துக்கறேன்."

எஸ்தரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "சரி" என்றாள். அவ்வளவுதான் பெண் பார்த்த படலம். சாமுவேல் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரேஸ் அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு அவர் பங்குக்குத் தேசூர்க்காரர்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடிப்பதில் ஆபத்து இல்லை என்று அக்காவும் விட்டுவிட்டார்.

பெங்களூர் அம்மாவை எல்லாரும் மறந்தே போனோம். அவர் திரையை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி, "இதை எடுத்துட்டு மறுபடியும் வெப்சைட் மாதிரி ஆக்கிடறேங்க" என்றேன்.

"அது கிடக்கட்டும். இந்த அம்மா பச்சை இருக்கான்னு எத்தன தடவ கேட்டிருக்காங்க, ஒருத்தர்கூட பதில் போடலியே? வெப்சைட் அழகா இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். நம் தொழிலைப் பற்றி எனக்கு யாரும் இதைவிடச் சுருக்கமாகப் பாடம் சொன்னதில்லை. "பச்சை இருக்கா, இல்லியா? இருந்தா எனக்கும் எடுங்க."

புடவைகள் இறங்கின. காபி வந்தது. இந்த முறை எல்லாரும் முழுசாகக் குடித்தார்கள்.

நான் கிளம்பும்போது எஸ்தர் என்னிடம் வந்தாள். மற்றவர்கள் கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இப்ப இத எடுத்துடறீங்களா? முடிவாயிடுச்சு. இனிமே ஊர்ல இருக்கறவங்க படிக்க வேணாம். எங்க ஆஸ்பத்திரில டாக்டரே படிச்சுட்டுப் பிரியாணின்னு கிண்டல் பண்றாரு. பேஜாரா இருக்குது."

இம்மானுவேலுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "அது எப்படிம்மா? நாலு பேர்..." என்று ஆரம்பித்தார்.

"பாத்தாச்சு மாமா. நாலு பேரும் பாத்தாச்சு" என்றாள் எஸ்தர். மாமா என்ற வார்த்தை கேட்டதும் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

நான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முன்பு எழுதினவர் எவரையும் கேட்காமல் சொடுக்கின அதே இடம்தான். இப்போது கேட்கிறவள், எழுதினவள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. முழுசாக நீக்கிவிடலாம் என்று கையை நகர்த்தியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற பிடி.

"மொத்தமா போயிடுமா டீச்சர்?"

"நீக்கினா போயிடும். மறைச்சா உள்ளயே இருக்கும், வெளிய தெரியாது."

"அப்ப மறைச்சுடுங்க. அழிச்சுடாதீங்க." டேனியல் நின்றிருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா நாளைக்கு இல்லன்னு சொன்னா எடுத்துக் காட்டணும் இல்ல?"

மறைத்தேன்.

அந்தக் கடையின் வெப்சைட்டை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள். உள்ளே போனால் பழைய பதிவுகளெல்லாம் வரிசையாக இருக்கும். அரக்கு பார்டர் மஞ்சள் பட்டும் இருக்கும். மறைத்து வைத்த கருத்துகள் நூல்கண்டு மாதிரி கிடக்கும். சுத்தம் செய்துவிடலாம் என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கும். மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்தப் பதிவை மட்டும் தொடாதீர்கள். எஸ்தருக்கு இன்னும் நைட் டியூட்டி இருக்கிறது.